வில்பட்டியில் பெய்த மழை

பழனி,
சித்திரைக் கடைசி

அன்பு மகன் செந்தில்வேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சுசித்ராவும் குட்டி ஸ்வேதாவும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலைமேல் நிற்கிறவனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இவ்வளவையும் எழுதிவிட்டதால் அடுத்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் உன்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். எத்தனையோ வருடம் வகுப்பில் நின்றவள், ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை, பொறுமைக்குப் புவனா டீச்சர் என்று மற்ற ஆசிரியர்களே கேலி செய்வார்கள். அந்தப் பொறுமை இரண்டு வாரம் முன்னால் உன்னோடு போனில் பேசியபோது தீர்ந்துபோனது. நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டாய், அப்புறம் கூப்பிடவும் இல்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார், எழுத்து பொடியாக இருந்தால் பெரிதாக்கிப் படி, ஆனால் முழுவதும் படி.

இங்கே வெயில் சொல்லி மாளாது. அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, மலையைச் சுற்றக் கூட்டம் வருகிறது, பெண்களெல்லாம் கடம்பம்பூ வைத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடித்துவிடுகிறார்கள். வெயிலுக்கென்றே ஒரு விசேஷம் வைத்துக் கொண்டாடுகிற ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். அப்பாவுக்கு அடிவாரக் கடையில் நல்ல வியாபாரம், ஆனால் தலையில் துண்டு போடச் சொன்னால் போடுவதில்லை, கேட்டால் நான் இந்த வெயில்லயே வெளஞ்சவன் என்கிறார். தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வருகிறது. குளியலறைத் தொட்டியில் காலையில் பிடித்த தண்ணீர் மத்தியானம் காபி போடலாம் போலக் கிடக்கிறது. வேப்பமரம் மட்டும் பச்சையாக நிற்கிறது, மற்ற எல்லாம் வைக்கோல் நிறம். வடக்கே பார்த்தால் கானல், தெற்கே பார்த்தால் மலை, அந்த மலைக்கு மேல் சாயங்காலம் ஆனால் கருமேகம். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், கல்யாணமான புதிதில் சுசித்ரா இங்கே வந்திருந்தபோது, தெற்கே கருத்துக்கொண்டு வந்து மின்னியதும் சென்னைப் பிள்ளை பதறிப்போய் மொட்டை மாடிக்கு ஓடி வடகத்தையும் துணியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். நீ வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாய். அது மலை மேகம், அங்கேயே பெஞ்சு அங்கேயே தீந்துரும், இங்க ஒரு சொட்டு வராது, கொண்டுபோய் மறுபடி காயப் போடு என்று சொன்னாய். அவளும் மறுபடி காயப் போட்டாள், வடகமும் காய்ந்தது. பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை அது, இந்த மண்ணில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது. பெண்டாட்டிக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவன், ஆபீஸில் உட்கார்ந்து ரூல் எழுதும்போது அதை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் போனில் நீ கேட்கவே இல்லை. ஆயக்குடி தாண்டி மலையடிவாரத்தில் உன் மாமா வேலுச்சாமியின் மேட்டுக்காடு இருக்கிறது இல்லையா, கிணறு வற்றி வருடக்கணக்காகிறது, மழை ஒன்றுதான் துணை. புரட்டாசியில் ஒரு மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைத்தான். உன் கம்பெனியின் மழைக் காப்பீட்டிலும் சேர்ந்தான். மழை குறைந்தால் யாரும் வந்து வயலைப் பார்க்க வேண்டியதில்லை, மழை அளக்கும் கருவி சொல்கிற கணக்கை வைத்தே இழப்பீடு வந்துவிடும் என்றார்கள். நம்ம மருமகன் இருக்கிற கம்பெனி, ஏமாத்த மாட்டாங்க என்று அவன் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேர் சேர்ந்தார்கள். ஐப்பசி பிறந்தது, மழை இல்லை. கார்த்திகையும் அப்படியே போனது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் நின்ற நிலையிலேயே சருகானது. அந்த இரண்டு மாதமும் மலைமேல் மழை கொட்டியது, அதை இல்லையென்று சொல்லவில்லை. உன் மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், உச்சியிலிருந்து பாதி மலை வரைக்கும் வெள்ளைத் திரை இறங்கும், அதற்குக் கீழே வெயில் அடிக்கும். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற மாதிரி அந்த மழையை ஊரே உட்கார்ந்து பார்த்தது.

பங்குனியில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது, உங்கள் ஊரில் போதுமான மழை பெய்திருக்கிறது, எனவே இழப்பீடு கிடையாது என்று. ஊரில் யாருக்கும் முதலில் கோபம்கூட வரவில்லை, வேறு ஊருக்குப் போக வேண்டியது மாறி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். விளக்கம் சொல்லக் கம்பெனியிலிருந்து சிவமுருகன் என்று ஒரு பையன் வந்தான். நீங்க வந்து என்னன்னு கேளுங்க மதினி, அவுக பேசுறது எங்களுக்குப் புரியல என்று மாமா பெண்டாட்டி அழகம்மாள் கூப்பிட்டதால் நானும் போய்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தேன். பையன் மரியாதையானவன், குறை சொல்ல ஒன்றுமில்லை, லேப்டாப்பைத் திறந்து இந்த மாதம் இவ்வளவு மழை, அந்த மாதம் அவ்வளவு மழை என்று வாசித்தான். கூடமே சிரித்தது. அழகம்மாள் எழுந்து, ஏந் தம்பி, அம்புட்டு மழையும் எந்தச் சந்து வழியாப் போச்சு, என் சேலை முந்தி கூட நனையலையே, நாங்க எல்லாரும் தூங்கிட்டு இருக்கும்போது வந்துட்டு சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சோ என்றாள். இன்னொருவர், மழை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சாப்பா என்றார். பையனுக்கு வியர்த்துவிட்டது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அடிவாரத்தில் கம்பெனி வைத்திருந்த மழைக்கருவிக்குள் குளவி கூடு கட்டி அது வேலை செய்யாமல் போயிருக்கிறது. ஒரு கருவி பழுதானால் தூரத்தில் எது மிகப் பக்கமோ அந்தக் கருவியின் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ரூல். மேப்பில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். வட்டத்துக்குள் மிகப் பக்கத்தில் இருந்தது எது தெரியுமா? வில்பட்டி.

வில்பட்டி! கொடைக்கானலுக்குப் பக்கத்தில், மலையின் தலையில், கேரட்டும் பூண்டும் விளைகிற வில்பட்டி. அங்கே பெய்த மழையை எடுத்து இங்கே காய்ந்த மக்காச்சோளத்தின் தலையில் ஊற்றியிருக்கிறீர்கள். காக்கை பறந்தால் பக்கம்தான், நான் மறுக்கவில்லை. காக்கைக்குச் சிறகு இருக்கிறது, மேகத்துக்கு மலை ஏற வேண்டியிருக்கிறது. நான் அந்தப் பையனிடம், தம்பி, இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் ஒரு மலையே நிற்கிறதே, உயரத்தை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, உயரத்துக்குக் கட்டமே இல்லைங்க டீச்சர் என்றான். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். எங்களைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஆனா தப்பா இருக்காதுங்க, இந்த ரூலை எழுதினவரு எங்க ஹெட் ஆபீஸ்ல இருக்காரு, அவரும் உங்க பழனிக்காரருதான்னு சொல்லுவாங்க, இந்த ஏரியாவைப் பத்தி அவருக்குத் தெரியாதா என்று ஒரு வார்த்தை சொன்னான் பார், கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. உன் மாமா கீழே குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான், அது நன்றாகத்தான் இருந்தது. அழகம்மாள் மட்டும் எழுந்து வந்து, மதினி, வெக்கையா இருக்கு, தண்ணி குடிக்கிறீங்களா என்று சொம்பை நீட்டினாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம் செந்தில். நாலு பேர் முன்னால் உன் பெயரைச் சொல்லி ஏசியிருக்கலாம். தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிப்பதற்குள் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்ன முதல் வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். டேட்டா பாத்தேம்மா, உங்க ஊர்ல மழை பெஞ்சிருக்கு என்றாய். உங்க ஊராம். நீ பிறந்த ஊர் எப்போது உங்க ஊர் ஆனது? கடல் தாண்டி, மழைக்கோட்டைக் கழற்றவே நேரமில்லாத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, வாய் வறண்டு நிற்கிற எனக்கு என் ஊரில் மழை பெய்தது என்று நீ சொல்கிறாய். நான் உயரத்தைப் பற்றிச் சொன்னதும், அது ஒரு விதிவிலக்கும்மா, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா ரூல் எழுத முடியாது, பெரும்பாலான இடத்துல சரியாத்தான் வருது என்றாய். எந்தப் பெரும்பாலான இடம்? நீ இருக்கிற இடத்தில் மேடு என்று ஒன்றே கிடையாது, பாலம் ஏறி இறங்குவதுதான் இங்கே மலையேற்றம் என்று நீயே போன வருடம் சொல்லிச் சிரித்தாய். அந்தத் தட்டை நாட்டில் நீ போடுகிற வட்டம் வட்டமாகத்தான் இருக்கும். அந்த வட்டத்தைக் கொண்டுவந்து எங்கள் மலைமேல் போட்டால் அது எதை மூடுகிறது என்று ஒரு முறை குனிந்து பார்த்தாயா?

நான் எப்போதும் உதாரணம் சொல்லாமல் விட மாட்டேன் என்று உனக்குத் தெரியும், கோபத்தில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் உன் அப்பா காய்ச்சலாகப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள். தர்மாமீட்டர் உடைந்துவிட்டது. நர்ஸ் வந்து, பரவாயில்லை, இருப்பதிலேயே பக்கத்துக் கட்டில் இதுதான் என்று அடுத்த கட்டில்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னால் நீ சும்மா இருப்பாயா? இன்னும் ஒன்று சொல்கிறேன். இங்கிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுகிறவன் மடியில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான், மேலே இறங்கும்போது அதே ஆள் காதைப் பொத்திக்கொண்டு இறங்குவான். ஒரே காலைப் பொழுதில் ஒரே ஆளுக்கு இரண்டு ஊரும் இரண்டு விதமாக இருக்கிறது என்பது அந்த ஸ்வெட்டருக்கே தெரிகிறது. மேகமும் அப்படித்தான், மலை ஏற ஏறக் குளிர்கிறது, குளிரக் குளிரத் தன்னிடம் இருப்பதைக் கொட்டுகிறது, கீழே நிற்கிற நமக்கு மிச்சக் காற்றுதான். படியேறுகிற பக்தருக்கு வியர்க்கிற மாதிரி மலையேறுகிற மேகத்துக்கு மழை என்று நான் வகுப்பில் சொன்னபோது, அடிவாரத்துல சும்மா நிக்கிறவனுக்கும் வேர்க்குதே டீச்சர் என்று என்னை மடக்கியது யார்? நீதான். அன்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவ்வளவு கூர்மையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை தன் கேள்வியைத் தன்னிடமே கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அதைவிட ஆறாதது ஒன்று இருக்கிறது. போனை வைப்பதற்கு முன்னால், சரிம்மா, மாமாவுக்கு நான் என் கையிலிருந்து அனுப்பிடறேன், நீ டென்ஷன் ஆகாத என்றாய். மாமாவுக்கு அனுப்புவாய், அவன் பேச்சை நம்பிச் சேர்ந்த மற்றவர்களுக்கு? அவர்களுக்கெல்லாம் கடல் கடந்த மருமகன் இருக்கிறானா? தப்பை அப்படியே வைத்துவிட்டு, நம் வீட்டு ஆளுக்கு மட்டும் கொல்லைப்புற வழியாகக் கொடுத்து வாயை அடைப்பது நம் குடும்பத்தில் இல்லாத பழக்கம். மாமாவிடம் இதைச் சொன்னபோது, அக்கா, அது மருமகன் எனக்குச் செய்யிற தருமம், எனக்கு வேண்டியது தருமம் இல்ல என்று மட்டும் சொன்னான். மறு வாரம் பையைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டான். எங்கே போனான் என்று உனக்குத் தெரியாது, நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி. உன் மாமா வில்பட்டியில் இருக்கிறான்.

ஆமாம், அதே வில்பட்டிதான். அங்கே தோட்டத்தில் ஆள் தேவை என்று யாரோ சொல்லக் கேட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். அப்பா வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் உனக்குத் தலை சுற்றும் என்றார், சுற்றியது, பெருமாள்மலையில் இறங்கி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு அடுத்த வண்டியில் போனேன். சேற்றில் நின்று கேரட் கழுவிக்கொண்டிருந்தான். தலையில் சாக்கை மடித்துக் கொங்காடியாகப் போட்டிருந்தான், ஏனென்றால் மழை பெய்துகொண்டிருந்தது. இங்கே பழனியில் தார் உருகுகிறது, அங்கே அவன் பல் கிடுகிடுக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் வெயிலிலேயே வளர்ந்த உடம்பு, அந்தக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சு சளி கட்டிப் பேசும்போது இரைக்கிறது. என்னைப் பார்த்ததும் அழுவான் என்று பயந்துகொண்டு போனேன். அவன் சிரிக்கிறான். யக்கா, மருமகன் சொன்னது நெசந்தான், வந்து பாத்துக்கோ, மழை நல்லாத்தான் பெய்யுது, எனக்குக் குடுக்க வேண்டிய மழை எல்லாம் இங்கன பத்திரமா இருக்கு, நான்தான் வெரசா வந்து வாங்கிக்கல என்றான். தோட்டத்துக்கு எதிர்மேட்டில் கம்பி வேலி போட்டு ஒரு வெள்ளைக் கம்பத்தில் அந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள். அதையும் கையை நீட்டிக் காட்டினான். காலையில சோலிக்கு வரும்போது அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் வருவேன், நம்ம ஊரு சாமி இங்க வந்துல்ல கெடக்கு என்றான். கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை செந்தில், எனக்கு அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. கம்பம் என்ன செய்யும், அது தன் ஊர் மழையைச் சரியாகத்தான் அளந்தது.

இன்னொன்றும் சொன்னான். அடிவாரத்து மேட்டுக்காடுகளைச் சூரிய மின்தகடு போடுகிறவர்கள் கேட்டு வந்துகொண்டிருக்கிறார்கள். இந்த ஆவணிக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் கொடுத்துவிடுவதாக இருக்கிறான். வெதைக்கிறது ஒரு சூது, அதுக்கு மேல காப்பீடுன்னு இன்னொரு சூதா, என்னால ஆகாதுக்கா என்றான். தகடு போடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை, நம் ஊர் வெயிலுக்கு அது பொருத்தம்தான், மனசார ஒருவன் கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் வெயிலைத் தாங்கினவன், மழை இல்லாததைத் தாங்கினவன், பெய்யாத மழையைப் பெய்ததாகச் சொன்னதைத் தாங்க முடியாமல் காட்டைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அது நடந்தால் அது வானம் செய்ததாக இருக்காது, நீ செய்ததாக இருக்கும்.

வைகாசி பத்தாம் தேதி திண்டுக்கல்லில் இதற்காக ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள், அதிகாரிகளும் வருகிறார்கள், உன் கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். ஊர் சார்பாக ஒருவர் பேச வேண்டும். அழகம்மாள் என்னிடம் வந்து, மதினி, நீங்கதான் மேப்பு வச்சுப் பேசத் தெரிஞ்சவுக, வரணும், வரலைன்னாலும் நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம், பெத்த பிள்ளைய எதுத்து யாருதான் பேசுவா என்றாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏ புவனா, உனக்கு வேற சோலியே இல்லையா, பெத்தவளே போய் நின்னு சொன்னா அவன் வேலை என்னாகும், அங்க வாடகை, பிள்ளை பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கு, யோசிச்சியா என்று கத்தினார். யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் அதையேதான் யோசித்தேன். ஸ்வேதாவின் முகம் வந்து வந்து போகிறது. ஆனால் அந்தக் கூடத்தில் என் பக்கம் திரும்பிய முகங்களும் வருகின்றன. பொய்யைச் சொன்னவனைக் கூட மன்னிக்கலாம், நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்த உண்மையை எழுதாமல் விட்டாய். தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரன் அந்த வட்டத்தைப் போட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன், அவன் எந்த மலையைக் கண்டான் என்று விட்டிருப்பேன்.

ஆகவே நான் போகப் போகிறேன். எழுந்து நின்றதும் யார் நீங்கள் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை என்று சொல்வேன், வேலுச்சாமியின் அக்கா என்று சொல்வேன், இந்த ரூலை எழுதியவனின் அம்மா என்றும் சொல்வேன். அதை நான் மறைத்துப் பேசினால் பேசுவதில் அர்த்தமே இல்லை, பின்னால் தெரிந்தால் ஊர் என்னை நம்பாது. ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நீ உன் ஆபீஸில் எழுந்து நின்று, நான் எழுதியதில் உயரம் விட்டுப்போயிருக்கிறது, மலைக் கணக்கைத் தரைக்கு எடுத்தது தவறு, இந்த ஊர்களுக்குக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்று உன் கைப்பட எழுதிக் கொடு. எங்கள் ஊருக்கு மட்டும் இல்லை, இதே மாதிரி மலையடிவாரத்தில் எத்தனை ஊர் உன் வட்டத்துக்குள் மாட்டியிருக்கிறதோ அத்தனைக்கும். மேலதிகாரி திட்டுவார், திட்டட்டும், வாங்கிக்கொள். வேலையே போனாலும் இந்த வீட்டில் உங்கள் மூன்று பேருக்கும் சோறு இருக்கிறது, வெக்கை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தின் நகல் என் கைக்கு வந்தால் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, என் மகன் எழுதியது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வராவிட்டால் மேப்பை விரித்து நானே பேசுவேன், அப்போதும் என் மகன் எழுதியது என்றுதான் சொல்வேன். எந்த எழுத்தைக் காட்டி அதைச் சொல்வது என்பதை நீ முடிவு செய். நான் உன்னைப் பெற்றவள், உனக்குச் சாதகமாகப் பேசக் காத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு வழி கொடு என்றுதான் கேட்கிறேன்.

மாமாவோடு பேச வேண்டும் என்று தோன்றினால் சாயங்காலம் வேலை முடிந்த பிறகு கூப்பிடு, பகலில் அவன் கை ஈரமாக இருக்கும். பணத்தைப் பற்றி வாயே திறக்காதே. நீ எழுதிக் கொடுத்த பிறகு கூப்பிட்டால் இன்னும் நல்லது, அதற்கு முன்னால் நீ கேட்கிற மன்னிப்பு அவனுக்கு எதற்கு?

சுசித்ராவிடம் நான் அவள்மேல் கோபமாக இல்லை என்று சொல், அவளையும் இதைப் படிக்கச் சொல். ஸ்வேதாவுக்கு ராத்திரி தயிர் கொடுக்க வேண்டாம். உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர்க் காற்று ஒத்துக்கொள்ளாது, சைக்கிளில் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ, கூச்சப்படாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நெஞ்சில் உறுத்தல் இல்லாமல், நிறைவாக இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

நான் பத்தாம் தேதி காலையில் ஊர்க்காரர்களோடு ஒரே பஸ்ஸில் போகிறேன், அழகம்மாள் எனக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் காகிதம் அதற்கு முன்னால் வர வேண்டும். அதுவரைக்கும் நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன். ஸ்வேதா கூப்பிட்டால் எடுப்பேன். அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ பேசாதே.

இப்படிக்கு,
கோபம் தீராத, உன் நினைவாகவே இருக்கிற அம்மா,
புவனா